கரையான் தின்ற ஃபைல்

"ரெண்டு வருஷம் எம்.ஏ. ஹிஸ்டரி படிச்சு என்னத்தக் கிழிச்ச? ஒரே ஒரு ஃபைலைக் கொண்டுவரத் துப்பில்ல!"

அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். மகள் தலை நிமிரவில்லை.

"அவ என்ன வேணும்னா பண்றா?" என்றாள் அம்மா.

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. 'செத்துப்போனவங்க கதையை எம்.ஏ. வரைக்கும் படிச்சு யாருக்கு என்ன லாபம்?' என்று சொந்தக்காரர்கள் ஆளாளுக்குக் கேட்டார்கள். அடுத்த வீட்டுப் பெண் படிப்பில்தான் அவர்களுக்கு எவ்வளவு அக்கறை! அப்போது மகளுக்காக ஒற்றைக்காலில் நின்றவர் அவர் ஒருவர்தான்.

காரணம் இருந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஆலையில் பாய்லர் வெடித்தது. அப்பா, அவருடைய அண்ணன் இருவருக்கும் அங்கேதான் வேலை. மத்தியானம் இரண்டு மணிக்கு அப்பா ஷிப்ட் முடித்து வெளியே வந்தார். அண்ணன் உள்ளே போனார். கால் மணி நேரத்தில் வெடித்துவிட்டது. கூட இருந்த இரண்டு பேர் அங்கேயே உயிர்விட்டார்கள். அண்ணன் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்து இறந்தார். அவருடைய அஜாக்கிரதைதான் காரணம் என்று எழுதி விசாரணையை மூடினார்கள்.

"எங்கண்ணன் அப்படிப்பட்ட ஆளே இல்ல. அந்த ஃபைல் ஆவணக் காப்பகத்துல இருக்கும். எடுத்துட்டு வந்து அவர் பேரைக் காப்பாத்திக் குடு பாப்பா. வேற எதுவும் வேணாம்" என்று சொல்லித்தான் அவளை எம்.ஏ.வில் சேர்த்தார்.

மூன்று மாதம் அலைந்துவிட்டு இன்றைக்கு வந்து சொல்கிறாள்: "கரையான் தின்னுடுச்சாம்ப்பா."

"நாளைக்கு நான் போய்ச் சேர்ந்தா அவர் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" அவர் அறையை நோக்கி நடந்தார். "உன்னைப் படிக்க வச்சதே தண்டம்!"

அறைக்கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

அம்மா மெதுவாகக் கேட்டாள். "நிஜமாவே கரையானாடி?"

"முழுசா இருக்கும்மா."

"என்னடி சொல்ற?"

"'பாய்லருக்குத் தண்ணி போற வால்வை மூடினது நான்தான், திறக்க மறந்துட்டேன்'னு பெரியப்பா ஆஸ்பத்திரியில வாக்குமூலம் குடுத்திருக்காரு. ஒத்துக்கிட்ட ஆள் இருக்கும்போது மத்த தாளை எவன் புரட்டுவான்? ஆனா எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே அதைத்தாம்மா. ஒரு தாளை மட்டும் நம்பாதே, இன்னொண்ணோட வச்சுப் பாருன்னு. வச்சுப் பாத்தேன்." ஏன்தான் பார்த்தோமோ என்று அவளுக்கு இருந்தது. "தண்ணி குறைஞ்சா பாய்லர் வெடிச்சுடும்னு, மணிக்கு ஒரு தடவை எவ்வளவு இருக்குன்னு குறிச்சு வைப்பாங்க. அந்தத் தாள்ல பன்னிரண்டு மணியிலேர்ந்தே தண்ணி இறங்கிக்கிட்டே வந்திருக்கு. பெரியப்பா உள்ள போனதே ரெண்டு மணிக்கு."

"அப்போ... வால்வை மூடினது யாருடி?"

அப்பா சாத்திக்கொண்ட கதவை மகள் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அந்தத் தாள் முழுக்க அப்பா கையெழுத்தும்மா."