சாம்பல் நிற எழுத்துகள்

எதிராளி எழுதி அழித்துவிடும் வார்த்தைகளையும் செல்போன் காட்டினால் நன்றாயிருக்குமே என்று ஜெசிந்தா ஆசைப்பட்டதுண்டு. அப்படியொரு ஆப் நிஜமாகவே வந்தபோது, தோழி வினோதாவின் பழைய செய்திகளைத்தான் முதலில் திறந்தாள். ஜெசிந்தாவின் கல்யாணம் நின்றுபோன அன்று வினோதா அனுப்பிய ஆறுதல் அங்கே இருந்தது: “விடுடி, அவனுக்குக் குடுத்து வைக்கல.” அதன் கீழே, அவள் அழித்த வரி சாம்பல் நிறத்தில் தெரிந்தது: “உன் வலிப்பு விஷயத்த அவங்க வீட்ல சொன்னது நான்தான். மன்னிச்சிடு.”

ஜெசிந்தா வலிப்பு வந்து விழுந்தபோதெல்லாம் அவள் தலையை மடியில் ஏந்திக்கொண்டவள் வினோதா. முகூர்த்தப் புடவையைக் கடையில் திருப்பிக் கொடுக்கக் கூடவே வந்து, வழியெல்லாம் அழுதவளும் அவள்தான். வாய்தவறிச் சொல்லியிருப்பாள், கேட்டால் ஒத்துக்கொள்வாள் என்று மனம் இன்னமும் அவளுக்காகவே பரிந்து பேசியது.

“அன்னைக்கு என்கிட்ட வேற ஏதாச்சும் சொல்ல நினைச்சியாடி?” என்று எழுதி அனுப்பினாள்.

வினோதா எழுதுவதும் நிறுத்துவதுமாக இருந்தாள். கடைசியில் பதில் வந்தது.

“இல்லையே. ஏன்டி கேக்குற?”

அதன் கீழே, சாம்பல் நிறத்தில்: “அவர் சொல்லிட்டாரா?”

அந்த ‘அவன்’ வினோதாவுக்கு எப்போது ‘அவர்’ ஆனான் என்று தெரியாமல், ஜெசிந்தா அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.