குரல் கொடுத்தவள்

சிகாகோவில் தனியார் நடத்தும் அந்த இலவசப் பள்ளியில் குலுக்கலில்தான் இடம். பெயர் வாசித்ததும் பெற்றோர் எழுந்து குரல் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் இடம் அடுத்தவருக்கு.

யோலாண்டா கடைசி வரிசையில் தொப்பியை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பத்து வயது மகன் டேரியஸ் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான்.

வெளியே அரசுப் பள்ளி ஆசிரியர் சங்கத்தின் ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல், "இந்தப் பள்ளிக்கூடத்தை இழுத்து மூடு" என்று ஓயாமல் அலறியது.

"கத்துறாளே, இவளுக்கெல்லாம் பிள்ளையே இருக்காதா?" என்று பக்கத்து இருக்கைக்காரி பொருமினாள்.

"டேரியஸ் பிராக்கெட்."

யாரும் எழவில்லை.

"கடைசித் தடவையா கூப்பிடுறேன். டேரியஸ் பிராக்கெட்."

யோலாண்டா எழுந்தாள். "என் பையன்தான். வேற யாருக்கும் குடுத்துடாதீங்க."

பக்கத்து இருக்கைக்காரி அந்தக் குரலைக் கேட்டுச் சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தாள். வெளியே, சங்கத் தலைவியாக யோலாண்டா நேற்றுப் பதிந்து கொடுத்த குரல் இன்னும் அலறிக்கொண்டிருந்தது.