சதுர ஓட்டைக் காசு

முதலில் வாயை விட்டது வைகுண்டராஜ்தான். சீனிச்சாமி அதை இன்றுவரை மறக்கவில்லை.

முப்பது வருசத்துக்கு முன்னால் ஒரு காதுகுத்து விருந்து. ஒரு காலத்தில் பட்டாளத்தில் இருந்த சீனிச்சாமியின் அய்யா, பந்தியில் உட்கார்ந்து சொன்னார்.

"கொரியாவுல சண்டைக் கைதிகளுக்குக் காவல் இருந்தேன். அந்த ஊர்க் காசு ஒண்ணு பெட்டியில வச்சிருந்தேன். இப்பக் காணோம்."

அவருடைய மருமகன், சீனிச்சாமியின் அக்கா புருசன் வைகுண்டராஜ் இலையை விட்டு நிமிர்ந்தான். "கொரியாவா? அது நம்ம கூமாப்பட்டிக்கு அங்கிட்டா இங்கிட்டா மாமா?"

பந்தியே சிரித்தது. அன்றிலிருந்து சொந்த ஊரான சோழபுரத்தில் அவருக்கு 'புளுகு மிலிட்டரி' என்று பெயர். சாகும்வரை அந்தப் பெயர்தான்.

சீனிச்சாமி அதன்பிறகு அக்கா வீட்டில் கை நனைத்ததில்லை.

போன வாரம் அக்கா வெள்ளத்தாய் ராஜபாளையத்திலிருந்து ஒரு தகர டப்பாவோடு வந்தாள்.

"தம்பி, எங்க வீட்டுல கெடந்த அய்யா பெட்டியைத் தட்டித் துடைச்சேன். அடியில இது கெடந்துச்சு."

சட்டைப் பித்தான், பூட்டில்லாத சாவி, ஓட்டைக் காலணா, திருகாணி. அவற்றோடு கறுத்துப்போன ஒரு காசு. நடுவில் சதுர ஓட்டை, சுற்றி நாலு எழுத்து.

சீனிச்சாமி அதை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார்.

டீக்கடை சிவபாண்டி வாங்கிப் பார்த்தான். "இது சீனா எழுத்துல்லா அண்ணாச்சி! கொரியா எழுத்து வட்டமும் கோடுமா இருக்கும். எம் மக ராத்திரி பகலா கொரியா சீரியல்தான் பாக்கா."

"எங்க அய்யாவுக்கு ஒம் மகதான் சாட்சியா? டீயை ஆத்துலே."

பேசிவிட்டாரே தவிர, மனசு ஆறவில்லை. மறுநாள் காலையிலேயே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினார். பழைய காசு வாங்கி விற்கிற ஆனந்தவல்லியின் கடை அங்கேதான் இருக்கிறது.

அவள் லென்ஸை வைத்துப் பார்த்தாள். "கொரியாதான் ஐயா."

"எங்க ஊரு டீக்கடைக்காரன் எழுத்து சீனாங்கானே?"

"அந்தக் காலத்துல கொரியாக்காரங்களும் காசுல சீன எழுத்துதான் போட்டாங்க. இந்த நாலையும் சேத்து 'சாங்பியோங் தோங்போ'ன்னு படிக்கணும். ராசா காலத்துக் காசு."

சீனிச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க அய்யா பொய் சொல்லலை தாயி. இதை வச்சே ஒருத்தன் மூக்கை உடைக்கேன் பாரு."

ஆனந்தவல்லி காசைத் திருப்பினாள். புருவம் சுருங்கியது.

"விளிம்புல இந்த வெட்டு... இது நான் வித்த காசுல்லா? போன மாசம் ராஜபாளையத்துப் பெரியவர் ஒருத்தர் வாங்கிட்டுப் போனாரு. கொரியாதானா, கொரியாதானான்னு உசிரை வாங்கிட்டாரு."

சீனிச்சாமி லென்ஸை வாங்கி அந்த வெட்டைப் பார்த்தார். "எதுக்காம்?"

"அவரு மாமனார் இப்படி ஒரு காசு வச்சிருந்தாராம். இவரு அதை வாஷர்னு நெனச்சு, வயல் மோட்டார்ல போல்ட்டுக்கு அடியில குடுத்து முடுக்கிட்டாராம். சதுரக் கழுத்துப் போல்ட்டு, கச்சிதமா ஒக்காந்துருச்சாம். மோட்டாரு பழைய இரும்புக்குப் போன பொறவுதான் மாமனார் பந்தியில காசைக் காணோம்னு சொல்லியிருக்காரு. மாட்டிக்கிடுவோம்னு பயந்து, மனுசனையே கேலி பண்ணிட்டாராம். 'அவரு கொரியா போனது நெசம், புளுகுனது நான்தான்'னு இந்த இடத்துல நின்னு அழுதாரு ஐயா."

செல்போன் அடித்தது. அக்கா.

"தம்பி, கொரியாதானாமா? உங்க அத்தான் பக்கத்துல நின்னுக்கிட்டுக் கேக்காரு."

சீனிச்சாமி காசை மடியில் முடிந்துகொண்டார்.

"கொரியாதான்க்கா. காசு வந்து சேந்துருச்சுன்னு அத்தான்கிட்டச் சொல்லு. ஆனா கடைக்காரம்மாகிட்டச் சொன்னதை அவரு நம்ம ஊர்ப் பந்தியில சொல்லணும். அது இன்னும் பாக்கி."