வராத ரயிலுக்கு வரி

“என்னது, ரயில் வரியையும் சேர்த்துக் கட்டப் போறியா?”

ரோலண்ட் டிபெட்ஸ் இடுக்கியை அந்தரத்தில் நிறுத்திவிட்டார். அடுப்பில் சாசேஜ் கருகிக்கொண்டிருந்தது. அதைவிடப் பெரிய விபத்து நடந்துவிட்டதுபோல் பார்த்தார்.

“கட்டித்தானே ஆகணும்?” என்றான் எதிர் வீட்டு வெண்டெல். அவன் வாங்கிய புது மின்சாரக் கார் வாசலில் பளபளத்தது. “திங்கக்கிழமை ஷோரூம்ல பதிவுத் தாள்ல கையெழுத்துப் போடணும். ரயிலுக்கு மட்டும் நானூத்தி எழுபது டாலர்.”

சியாட்டில் வட்டாரத்துக்கு ரயில் விடுவதற்காகக் கார் வைத்திருப்பவர்களிடம் வருடா வருடம் பிடுங்கும் வரி அது. அந்த வட்டார எல்லைக்கு வெளியே குடியிருந்தால் கிடையாது. இந்தத் தெரு எல்லைக்கு உள்ளே இருந்தது.

“பெட்ரோல் போடாததுக்கே தனியா ஒரு கட்டணம் வாங்குறான். அதுக்கு மேல ரயிலாம், ரயிலு!” என்றார் பக்கத்து வீட்டு கெயில் சோர்பி, தட்டை நீட்டியபடி. “ரயில் விடுறேன்னு சொன்னதுக்கப்புறம் எனக்கு ரெண்டு இடுப்பு மூட்டையும் ஆபரேஷன்ல மாத்தியாச்சு. ஸ்டேஷனுக்கு இன்னும் ஒரு செங்கல் வைக்கல.”

“நீங்கல்லாம் என்ன பண்றீங்க?”

ரோலண்ட் கண்ணடித்தார். “என் கார் எல்லன்ஸ்பர்க்ல, மச்சான் வீட்ல குடியிருக்குப்பா. பதிவுல மட்டும். மலைக்கு அந்தப் பக்கம் ஏது ரயில் வரி?”

“என்னோடது எங்கம்மா பண்ணையில,” என்றார் கெயில். “அம்மா போய் ஆறு வருஷமாச்சு. கார் மட்டும் இன்னும் அவங்களுக்குத் துணையா இருக்கு.”

சுற்றி நின்ற அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவருக்குத் தம்பியின் மீன்பிடிக் குடிசை, இன்னொருவருக்குப் பழைய மனைவியின் வீடு. ஆளுக்கொரு விலாசம் வைத்திருந்தார்கள்.

வெண்டெலின் மனைவி ட்வைலா மட்டும் சிரிக்கவில்லை. “இவன் ஓட்டுறது ஸ்கூல் பஸ். பொய் விலாசம் எழுதிக் கையெழுத்துப் போட்டான்னு ஒரு கேஸ் வந்தா வேலை போயிடும்.”

“அட, ட்வைலா! நீ சர்ச் உண்டியல்ல காசு போட்டாக்கூட ரசீது கேக்குற ஆளு,” என்றார் ரோலண்ட். “பத்து வருஷமா இந்தத் தெருவுல ஒருத்தராவது மாட்டியிருக்கோமா, சொல்லு? வரி கட்டுறதுக்குத் தனியா ஒரு முகம் வேணும். மந்தமா, வாயைப் பொளந்துக்கிட்டு. உன் புருஷனுக்கு அந்த முகமா இருக்கு?”

வெண்டெல் சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

அந்தத் தெருவில் ஒழுங்காக வரி கட்டுகிறவன் என்று பெயரெடுப்பதும், வாசல் புல்லை முழங்கால் உயரம் வளர விடுவதும் ஒரே மாதிரி அவமானம்தான். முகத்துக்கு நேரே எதுவும் சொல்ல மாட்டார்கள். அடுத்த சனிக்கிழமை சாசேஜ் சாப்பிடக் கூப்பிட மாட்டார்கள், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை வெண்டெல் மலைக்கு அந்தப் பக்கம் யாக்கிமாவில் இருக்கும் சித்தியின் விலாசத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டான். ட்வைலா இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

ஐந்தாவது வாரம் வாகனப் பதிவுத் துறையிலிருந்து கடிதம் வந்தது. எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதற்குப் பத்து நாளில் சான்று காட்டவும், தவறினால் வழக்கு.

தெரிந்தவர்கள் கண்ணில் படக் கூடாதென்று, பக்கத்திலிருந்த வாகனப் பதிவு அலுவலகத்தை விட்டுவிட்டு முப்பது மைல் ஓட்டிப் போனான். ஜப்பானியக் கோழி வறுவல் கடைக்கும் நகப்பூச்சுக் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்த அலுவலகம் அது. கவுன்டரில் இருந்த அம்மாள் கடிதத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“வீட்ல சார்ஜர் மாட்டினதுக்குத் தள்ளுபடி கேட்டு மின்சாரக் கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கீங்க. கார் நம்பரோட.”

“ஆமா, மேடம். நூறு டாலர் குடுத்தாங்க.”

“கார் யாக்கிமாவுல இருக்கு. சார்ஜர் இங்க, உங்க வீட்டுச் சுவத்துல இருக்கு. ஒயர் ரொம்ப நீளமோ, சார்?”

வெண்டெல் குரலைத் தாழ்த்தினான். “மேடம், வரியைக் கட்டிடுறேன், அபராதமும் கட்டிடுறேன். கேஸ் மட்டும் வேண்டாம். பஸ் வேலை போயிடும்.”

“அதை நான் முடிவு பண்ண முடியாது.”

“என்னை மட்டும் ஏன் பிடிக்கிறீங்க? தெருவே இதைத்தான் பண்ணுது!” அவன் குரல் உயர்ந்தது. “எல்லாரையும் காட்டிக் குடுத்தா என்னை விட்டுடுவீங்களா?”

அந்த அம்மாள் ஒரு வெள்ளைத் தாளை அவன் பக்கம் தள்ளினார்.

வெண்டெல் குனிந்து எழுதினான். ரோலண்ட் டிபெட்ஸ், எல்லன்ஸ்பர்க், மச்சான் வீடு. கெயில் சோர்பி, செத்த அம்மாவின் பண்ணை. மீன்பிடிக் குடிசை. பழைய மனைவி. அவர்கள் வீட்டில் தின்ற சாசேஜ் ஒன்றுகூட அந்த நேரத்தில் அவன் நினைவுக்கு வரவில்லை. பதினாலு பேர். பின்பக்கத்திலும் எழுத வேண்டியிருந்தது.

அவர் ஒவ்வொரு பெயராகக் கணினியில் தட்டிப் பார்த்தார். தட்டத் தட்ட அவர் புருவம் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் தாளை அவன் பக்கமே திருப்பி வைத்தார்.

“அடுத்தவங்க விவரத்தைச் சொல்லக் கூடாது, சார். ஆனா உங்க தெருக்காரங்க எல்லாரும் எனக்கு நல்லாத் தெரியும். அவங்களும் பக்கத்து ஆபீஸை விட்டுட்டு இங்கதான் வருவாங்க, தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டு. ரயில் வரியைக் கடைசி சென்ட் வரைக்கும் எண்ணி வெச்சுட்டு, ‘தெருவுல யாருக்கும் சொல்லிடாதீங்க’ன்னு கெஞ்சிட்டுப் போவாங்க.”

பேனாவை அவன் கையருகே நகர்த்தினார்.

“இதுல நீங்க எழுதாம விட்ட ஒரே பேருதான் எனக்கு வேணும். கீழ எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”