தாள் தேறணும்

“வீட்டில உட்கார்ந்து நீயே நிரப்பிட்டே. ஒத்துக்கோ நெர்மீன்.”

அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டி டாக்டர் ஷவ்கத் இரண்டு கட்டுக் கேள்வித்தாள்களையும் மேசையில் அருகருகே வைத்தார்.

“இல்லை டாக்டர். தையல் ஆலைப் பெண்கள் முப்பது பேரும் என் கண்ணு முன்னாலதான் எழுதினாங்க. ரெண்டு தடவையும்.”

“இது மனச்சோர்வை அளக்கிற தாள். பதினஞ்சு நாள் விட்டு அதே ஆளைக் கேட்டா, பதில் ஏறக்குறைய ஒத்துவரணும். அப்பதான் இந்தத் தாளை நம்பலாம். ஏறக்குறையன்னுதான் சொன்னேன். இங்கே ஒரு டிக்குகூட மாறலையே. முப்பது பேர்ல ஒருத்திக்கு நடுவுல பல்வலிகூட வரலையா?”

அந்தச் சந்தேகம் நெர்மீனுக்கும் இருந்தது.

“நாளைக்குள்ள காரணத்தோட வா. இல்லேன்னா முப்பதும் குப்பைக்கு. உன்னோட ஒரு வருஷ ஆராய்ச்சியும் சேர்த்துத்தான்.”

டிராம் பிடித்து நேராகத் தஹானி வீட்டுக்குப் போனாள்.

தஹானிதான் ஆலையில் மேஸ்திரி. பெண்களைச் சேர்த்துக் கொடுத்ததும் அவள்தான். எப்போதும் போலக் கறுப்பு அங்கியில் கதவைத் திறந்தாள். நெர்மீன் உதவி கேட்டு முதல்முறை வந்தபோது இதே கூடத்தில்தான் தஹானியின் தங்கை சமீஹா சர்க்கரைப் பாகு மாதிரி காப்பி கொடுத்து, “குடிச்சுப் பாரு, எறும்பு வந்தா நீந்தத்தான் செய்யும்” என்று கேலி செய்தாள். கல்யாணம் ஆகாத அக்கா, தங்கை. வீட்டில் இரண்டே பேர்.

“அத்தை, உண்மையைச் சொல்லுங்க. ரெண்டாம் தடவை எல்லாரும் எப்படி அச்சடிச்ச மாதிரி எழுதினீங்க?”

“ஒத்துவந்துச்சா?” தஹானியின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. “முதல் தடவையே எழுதினதைப் போன்ல படம் எடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்லிட்டேன். நவால்தான் கண்ணாடி இல்லாம வந்து முழிச்சா. நீ வர்றதுக்குள்ள அந்தக் கழுதைக்கு நானே படிச்சுக் காட்டி ஒப்பிக்க வெச்சேன்.”

“எதுக்கு அத்தை இதெல்லாம்?”

“நல்லா கேட்டே. ‘ரெண்டு தடவையும் பதில் ஒத்துவந்தாத்தான் தாள் தேறும்’னு நீதானே சொன்னே? ஒரு பொண்ணு பரீட்சையில தேறணும்னா நாங்க விட்டுடுவோமா? நான் நாலாம் வகுப்போட நின்னவ. எனக்குத் தெரியும் அந்த வேதனை.”

தேற வேண்டியது அந்தக் கேள்வித்தாள், நெர்மீன் இல்லை. முப்பது பேரும் சேர்ந்து அவளுடைய ஒரு வருஷத்தைக் குப்பையில் போட்டிருந்தார்கள். யார் உங்களை இதைச் செய்யச் சொன்னது என்று கேட்க வாயெடுத்தாள்.

“இரு, காப்பி போடறேன்” என்று தஹானி எழுந்து போனாள்.

நெர்மீன் பையிலிருந்து தஹானியின் இரண்டாவது தாளை எடுத்தாள்.

நன்றாகத் தூக்கம் வருகிறதா? வருகிறது.

மனம்விட்டுப் பேச வீட்டில் ஆள் உண்டா? எப்போதும் உண்டு.

காப்பி வந்தது. ஒரு வாய் குடித்தவள் கோப்பையை இறக்கினாள். சர்க்கரை துளிகூட இல்லை. அந்த ஊரில் துக்க வீட்டில்தான் இப்படிக் கொடுப்பார்கள்.

“சமீஹா அத்தை எங்கே?”

தஹானி தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். “நீ ரெண்டாம் தடவை வந்ததுக்கு நாலு நாள் முன்னாடி. தூக்கத்துலயே போயிட்டா. உன்கிட்ட யாரும் மூச்சு விடக்கூடாதுன்னு ஆலையில சொல்லி வெச்சேன். தெரிஞ்சா என்னை எழுத வேண்டாம்னு சொல்லியிருப்பே, ஒண்ணு குறைஞ்சிடும்.”

“அத்தை...”

“தாள்ல சொட்டிடக் கூடாதேன்னு தலையை நிமிர்த்தியே எழுதினேன். கோடு ஒண்ணு ரெண்டு கோணலா இருக்கும். அதுக்கு மார்க் குறைக்க மாட்டாங்களே?”

“மாட்டாங்க. சமீஹா அத்தையோட மிச்ச ஆயுசு உங்களுக்கு இருக்கட்டும், அத்தை” என்று துக்கம் விசாரிக்கும் வழக்கச் சொல்லைச் சொன்னாள்.

“உனக்கும்தான். அதை விடு. நீ தேறிட்டியா, மகளே?”

நெர்மீன் அந்தக் கசப்பைக் கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தாள்.

“தேறிட்டேன், அத்தை.”