குடை பிடித்த எலி

"இது ஒரிஜினல் இல்லை அண்ணை. பிறகு ஆரோ அடிச்ச கொப்பி."

பேசாத காலத்துக் கார்ட்டூன் படங்களைத் தேடி வாங்குகிற நிருபன், கொழும்பிலிருந்து நாரந்தனைக்கு வந்திருந்தான். லியோனின் தகப்பன் அலுமாரியில் விட்டுப்போன படச்சுருளைத் தகரப் பேணிக்குள் திருப்பி வைத்தான்.

"கொப்பிக்கு ஏத்த விலை தாறன், யோசியுங்கோ. ஆனா ஒரு துண்டும் வெட்டிப்போடாதேங்கோ. பிறகு ஒருத்தரும் வாங்கமாட்டினம்."

அவன் போனதும் லியோன் மனைவியைக் கூப்பிட்டார்.

"சுகந்தி, இவன் கள்ளன்."

"ஏனப்பா?"

"எலி குடையோட காத்தில பறக்கிற இடத்தை வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாத்திட்டு, சின்னப்பிள்ளை மாதிரிச் சிரிச்சவன். கொப்பிக்கு ஆரும் அப்பிடிச் சிரிப்பினமோ?"

"அப்ப என்ரை அண்ணையைக் கேளுங்கோவன். அவர்தானே தியேட்டரில படம் ஓட்டினவர்" என்று போனை நீட்டினாள்.

மச்சான் ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தார்.

மறுநாள் காலையிலேயே நிருபன் வாசல் படலையில் நின்றான். இரவு நித்திரை கொள்ளாத முகம்.

"அண்ணை, நேற்றுப் பொய் சொல்லிப்போட்டன். அது ஒரிஜினல்தான். நீங்கள் கேக்கிற விலை தாறன்."

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த லியோன் நிமிரவில்லை.

"ஒரிஜினல் எண்டு எனக்கும் தெரியும்."

"எப்பிடி?"

"ஒரிஜினலெண்டால் நெருப்புக்குச்சி பட்டவுடன கற்பூரம் மாதிரிப் பத்துமாம். கொப்பி பத்தாதாம்."

நிருபன் படலையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணை... ஒரு சின்னத் துண்டு வெட்டித்தானே பத்தவைச்சுப் பாத்தனீங்கள்?"

"வெட்டவேண்டாமெண்டு நீர்தானே சொன்னனீர்?"