ஜப்பான்காரி என்ன சொன்னாள்?

ஆக்லாந்தில் ஜப்பான் பழைய வண்டிகள் விற்கும் யார்டு. மாக்கா தரையில் மல்லாந்து படுத்து, வேனின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தான்.

“சேய்னி, இது வேணாம். பனி கொட்டுற ஊர்ல ஓடின வண்டி. ரோட்டு உப்பு அடியெல்லாம் அரிச்சிருக்கு.”

“கலர் நல்லா இருக்கேன்னு பாத்தேன்.”

“கலரையா ஓட்டப் போற?”

அடுத்த வேன் அவனுக்குப் பிடித்துவிட்டது. கதவை இழுத்து இழுத்து மூடிப் பார்த்தான்.

“படி தாழ்வாத்தான் இருக்கு. சர்ச்சுக்கு மாமியாரும் வருவாங்க, அவங்களுக்கு முட்டி வலி” என்றாள் சேய்னி.

“அப்ப இதையே எடு. நம்ம பிள்ளைங்க பின்னாடி சண்டை போடவும் இடம் இருக்கு.”

ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். டாஷ்போர்டிலிருந்து பதிவுசெய்த ஜப்பானியப் பெண் குரல் ஒன்று ஏதோ சொன்னது. பழைய வண்டியிலும் இதே குரல்தான். ‘உன் பெண்டாட்டியக் கொஞ்சம் வாய மூடச் சொல்லுங்கிறா’ என்று தினம் ஒரு அர்த்தம் சொல்லி சேய்னியைச் சிரிக்க வைப்பான்.

சேய்னி பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

“சீட்டை இன்னும் பின்னாடி தள்ளிப் பாரு மாக்கா. லோபெட்டி உன்னைவிட உயரம். எங்க கல்யாணத்துக்கு அப்புறம் அவருதான் ஓட்டுவாரு.”

கடைசிவரை தள்ளினான். அவன் காலுக்கு பிரேக் எட்டவில்லை.

“ஆமா, அவ இப்ப என்ன சொன்னா?” சேய்னி பழைய சிரிப்போடு கேட்டாள்.

“எனக்கு ஜப்பான் பாஷை தெரியாது, சேய்னி.”